செவ்வாய் வெள்ளிக்கு ஒதுக்கிய அரண்மனைகள்

எங்கள் குடும்பத்தில் விமானச் சீட்டு எடுப்பதற்கு மூன்றே காரணங்கள்தான் உண்டு. கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவீடு. இவை எதுவும் இல்லாமல் ஒருவர் விமானம் ஏறினால், அவருக்கு ஏதோ பெரிய நோய் வருத்தம் வந்துவிட்டது, கடைசியாக எல்லோரையும் ஒருமுறை பார்க்கப் புறப்பட்டுவிட்டார் என்று கதை பரவிவிடும். இந்த மூன்று காரணங்களின் தயவில் நானும் உலகம் சுற்றியவள்தான். பாரிஸுக்குப் பலமுறை போயிருக்கிறேன். அங்கே எனக்குத் தெரிந்தது லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவும், நகரத்துக்கு வெளியே ஒரு கலியாண மண்டபமும், அந்த மண்டபத்தில் பெண்கள் சேலை மாற்றும் அறையும். ஈபிள் கோபுரத்தை மச்சானின் வான் வண்டிக்குள் இருந்தபடி பார்க்க இருந்தேன். "அந்தா, அந்தா" என்று எல்லோரும் கத்த, மடியில் இருந்த பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் திரும்புவதற்குள் ஒரு பாலம் வந்து மறைத்துவிட்டது.

நான் வேலை செய்வது ஒரு மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனைப் பிரிவின் முன்மேசையில். என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒவ்வொரு கோடைக்கும் எங்காவது போய், கோட்டைகளையும் அரண்மனைகளையும் கைத்தொலைபேசியில் நிரப்பிக்கொண்டு வருவாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, "நீயும் பாரிஸுக்குப் போனாயே, எப்படி இருந்தது?" என்று கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்து, "சாப்பாடு நல்லது" என்றேன். பொய் இல்லை. கலியாணவீட்டு ரோல்ஸ் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு அரண்மனையைப் பார்க்கவேண்டும். கதவு திறக்கும்போது உள்ளே போய், மூடும்போது வெளியே வரவேண்டும். இடையில் ஒருவரும் என்னிடம் "சாப்பிடுங்கோ" என்று சொல்லக்கூடாது. இவ்வளவுதான் என் ஆசை. அதைவிட, எனக்கு ஒரு உரிமையும் இருப்பதாக நினைத்தேன். கனடாக் குடியுரிமை எடுத்த அன்று, கையைத் தூக்கி, இராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தவள் நான். சொந்தத் தம்பிக்குக்கூட நான் அப்படி ஒரு சத்தியம் செய்து கொடுத்ததில்லை. இராணி போய் இராசாவும் வந்துவிட்டார். அவர்கள் ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டுக்கு வந்து என் வீட்டில் ரீ குடிக்கப் போவதில்லை. நான்தான் போகவேண்டும்.

கணவரிடம் சொன்னேன். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் அவர். வேலைக் காலத்தில் ஒரு தரிப்பிடத்துக்கும் பிந்திப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. ஓய்வுபெற்ற பிறகு அந்தத் திறமையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், குப்பை எடுக்கும் வண்டி பிந்தி வருவதை ஜன்னலடியில் நின்று கண்டித்துக்கொண்டிருந்தார். "லண்டனுக்குப் போவம். அங்க நிண்டுகொண்டு ஒவ்வொரு நாளும் ஒரு அரண்மனை" என்று நான் சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்ததை நான் என் கலியாணத்திலும் காணவில்லை.

சாப்பாட்டு மேசையில் லண்டன் வரைபடம் விரிந்தது. வின்ட்சர் கோட்டைக்கு எந்த ரயில், எங்கே மாறுவது. ஹம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு ஆற்றுப் பக்கமாகப் போவதா, ரயிலில் போவதா. தேம்ஸ் நதிக்கரைக் கோட்டையில் கிரீடங்களைப் பார்க்கக் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்கவேண்டுமாம், பிந்தினால் வரிசையாம். கென்ற் பக்கத்தில் தண்ணீருக்கு நடுவே ஒரு கோட்டை இருக்கிறதாம், அதற்கு ஒரு நாள் முழுதும் வேண்டுமாம். சிவப்புப் பேனை, நீலப் பேனை, பச்சைப் பேனை. எந்த வாசலில் மழைக்கு ஒதுங்கலாம், எங்கே கழிப்பறை என்பதுவரை குறித்துவைத்தார். நாங்கள் கொஞ்ச நாள் அந்த வரைபடத்தின் ஓரத்தில் வைத்தே சாப்பிட்டோம். இந்த மனிதரைக் கட்டியதில் எனக்கு ஒரு திருப்தி வந்தது. கேட்காமலே ரீ போட்டுக் கொடுத்தேன்.

எங்கே தங்குவது என்ற கேள்வி வந்தது. இங்கேயே பிறந்த எங்கள் மகள் கைத்தொலைபேசியில் இருந்து தலையைத் தூக்காமல், "ஹொட்டல் புக் பண்ணுங்கோ. சிம்பிள்" என்றாள். கணவர் அவளைப் பார்த்த பார்வையில், அவள் பொலிஸ் நிலையத்தில் தங்கச் சொன்னதுபோல் இருந்தது.

"அக்கா ஹறோவில இருக்கேக்க ஹொட்டலோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

நாட்டுக்கு நாடு அரசியல் சட்டம் வேறு. எங்கள் குடும்பத்துக்கு ஒரே சட்டம், 'ஆக்கள் என்ன நினைப்பினம்'. அதில் திருத்தம் கொண்டுவர இதுவரை ஒருவருக்கும் பெரும்பான்மை கிடைத்ததில்லை. ஆகவே அவருடைய அக்கா வீட்டில் தங்குவது என்று முடிவானது. அவரும் நல்ல மனிதிதான். வாருங்கள், அறை இருக்கிறது என்றார். அரண்மனைகளைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த மட்டில் நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது.

என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டார். லண்டன், பாரிஸ், சுவிஸ், ரொறன்ரோ என்று சிதறிப்போன அத்தனை சொந்தமும் கூடியிருக்கும் குழு அது. விடிந்தால் பூப்படம், வெள்ளி என்றால் முருகன் படம், இடையில் யாருக்காவது பிறந்தநாள். அதற்குள் போய், 'ஹம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் பக்கத்தில் கார் விட வசதி உண்டா?' என்று கேட்டார். நாங்கள் கார் ஓட்டப் போவதே இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கார் விடும் இடத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. தொலைபேசிதான் அடிக்கத் தொடங்கியது.

முதலில் ஹறோ மச்சாள், கணவரின் அக்கா. "ஏன் தம்பி, எங்கட வீட்டில படுத்தெழும்பிக்கொண்டு அரண்மனை அரண்மனையாத் திரியப் போறியளோ? அப்ப நாங்கள் என்ன, கேற் காவல்காரரோ? நீங்கள் இஞ்ச நிக்கிற ஞாயிறு எங்கட வீட்டுச் சாப்பாடு. எல்லாரையும் கூப்பிட்டிட்டன்."

பிறகு குறொய்டனில் இருக்கும் சித்தப்பா. அவருக்குச் சனிக்கிழமை. பிறகு அவருடைய மருமகன் வீட்டார், திங்கட்கிழமை. அவர்களுடைய வீட்டுக்குப் போய் இவர்களுடைய வீட்டுக்குப் போகாமல் விட்டால் அந்தக் கோபம் இன்னொரு பத்து வருடத்துக்குப் போதும் என்பதால் புதன்கிழமை இன்னொருவருக்கு. ரோல்வேர்த்தில் இருக்கும் அத்தான், என் கணவரின் பெரியப்பா மகன், வியாழக்கிழமையைப் பிடித்துவிட்டார். அவருடைய வீட்டில் இருந்து ஹம்ப்டன் கோர்ட் அரண்மனை மிகக் கிட்ட. "உங்கட அரண்மனை எங்கட பின்வளவிலதானே கிடக்கு. வந்து ஆறுதலாச் சாப்பிட்டு, ஒரு குட்டி நித்திரை கொண்டு, ரீயும் குடிச்சிட்டுப் போய்ப் பாக்கலாம்" என்றார். மத்தியானம் சாப்பாடு என்றால் எங்கள் ஆட்கள் இலை போடும்போது மூன்று மணி தாண்டும். அதற்கு மேல் நித்திரையும் ரீயும் முடிந்தால் அரண்மனையில் பார்க்க மிஞ்சுவது வாசல் பூட்டுத்தான்.

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருக்க, இரண்டு நாட்களை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும். சைவசமயத்தவர் வீடுகளில் அந்த இரண்டு நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைப்பதில்லை. ஆட்டிறைச்சியும் நண்டும் இறாலும் இல்லாமல் கனடாவில் இருந்து வந்தவர்களுக்குச் சோறு போட்டால் அது விருந்தா, விரதமா? பருப்பும் கத்தரிக்காயும் வைத்துக் கனடாக்காரரை அனுப்பிய பழி யாருக்கு வேண்டும்? ஆகவே எல்லோரும் மிகுந்த பெருந்தன்மையோடு, "செவ்வாய் வெள்ளியில நீங்கள் வெளியில போய்ச் சுத்திப் பாருங்கோவன்" என்றார்கள். ஐரோப்பாவின் பேரரசுகளுக்கு எங்கள் சொந்தக்காரர் ஒதுக்கிய இடம் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில்தான்.

எனக்கு அதுவே காணும் என்று இருந்தது. செவ்வாய் வின்ட்சர், வெள்ளி ஹம்ப்டன் கோர்ட். இரண்டு அரண்மனை. பதிவு செய்யக் கணவர் கணினியின் முன் உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"செவ்வாயும் புதனும் பூட்டாம்" என்றார்.

"எது?"

"வின்ட்சர். செவ்வாய், புதன் ஆக்களை உள்ளுக்கு விடுறேல்லையாம்."

இந்த மனிதர் வாரக்கணக்காக ரயில்களை ஆராய்ந்தவர். கழிப்பறைகளைக் குறித்தவர். கதவு என்றைக்குத் திறக்கும் என்று பார்க்கவில்லை. அவருடைய பழைய திட்டத்தில் வின்ட்சர் சனிக்கிழமை இருந்தது, அதனால் தேவைப்படவில்லையாம். "இராசா வீட்டிலயும் செவ்வாய்க்கிழமை மரக்கறி போல கிடக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் உண்மையில் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு ஆயுள் அதைவிடக் குறைவு. ஹறோ மச்சாள் அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்தார். நாங்கள் நிற்கும் வெள்ளி ஆடி வெள்ளியாம். எங்கள் இரண்டு பேருடைய பெயரிலும் நட்சத்திரத்திலும் கோயிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டாராம். "ஆடி வெள்ளியில அம்மாளாச்சியிட்டப் போகாமல் ஆரோ ஒரு ராசான்ர வீட்டுக்கோ?" என்று கேட்டார். கணவர் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று தொலைபேசிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் போய் ஒரு காரணமும் இல்லாமல் அலுமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து சாத்தினேன்.

அந்த ஞாயிறு ஸ்ரௌவ்வில்லுக்குப் போனோம். கணவரின் தம்பி குடும்பம் போன கோடையில் லண்டன் போய், "எல்லா அரண்மனையும்" பார்த்து வந்தவர்கள் என்பதால், ஒரு நாளையாவது காப்பாற்ற அவர்களிடம் ஏதும் வழி இருக்குமா என்று கேட்கத்தான் போனோம். மார்க்கம் நகரத்தைத் தாண்டி வடக்கே ஓடினால், சோளவயல் முடிகிற இடத்தில் அவர்களுடைய குடியிருப்பு வரும். எல்லா வீட்டுக்கும் முன்னால் இரண்டு தூண். அவர்களுடைய வீட்டுக்கு மட்டும் மூலையில் ஒரு கூர்க்கோபுரமும் உண்டு. அதற்குத் தனிக் காசு கட்டினார்கள் என்பது வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

நாங்கள் முன்பே பலமுறை பார்த்த வீடுதான். ஆனாலும் சுற்றிக் காட்டாமல் விடமாட்டார்கள். "இது மாஸ்ரர் பெட்ரூம். இது வோக் இன் குளோசெற். இது பவுடர் ரூம்" என்று தம்பியின் மனைவி முன்னால் போக, நாங்கள் காலுறையோடு பின்னால் போனோம். குசினியில் கல்மேசையைத் தட்டிக் காட்டினார். அதற்குக் கீழே இன்னொரு குசினி இருக்கிறது, சமையல் அங்கேதான். மேல் குசினி பார்ப்பதற்கு. கடைசியாகக் கோபுரத்து அறை. வட்டமான அறை, மூன்று பக்கமும் ஜன்னல். உள்ளே ஓடிப் பழகும் இயந்திரம் ஒன்று, அதன்மேல் காயப்போட்ட துணி, சுவரோடு அரிசி மூட்டைகள்.

"அரண்மனையள் எப்பிடி?" என்று நான் கதையைத் திருப்பினேன்.

அவர் உற்சாகமாகப் படங்களைக் காட்டினார். பக்கிங்ஹாம் கேற்றடியில் குடும்பமாக. வின்ட்சர் மதிலடியில் குடும்பமாக. ஹம்ப்டன் கோர்ட் வாசலடியில் குடும்பமாக, பின்னேர வெயிலில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"உள்ளுக்கு எடுத்த படம்?"

"உள்ளுக்கு என்ன இருக்கு அக்கா? பழைய கட்டிலும் மேசையும்தான். வெளியில நிண்டு படம் எடுத்தாக் காணும். எங்களுக்கும் எங்க நேரம்? ரோல்வேர்த் அக்கா வீட்டில சாப்பாடு. ஐயோ, அந்த நண்டுக் கறி! அதைச் சாப்பிட்டிட்டு எழும்ப ஏலுமே?"

தன் வீட்டின் ஒவ்வொரு அலுமாரிக்குள்ளும் எங்களை எட்டிப் பார்க்க வைத்தவர், அரசர்களின் வீட்டுக்குள் பார்க்க ஒன்றுமில்லை என்றார். நான் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். கணவர் என் முழங்கையைப் பிடித்து, "சரி, வெளிக்கிடுவம்" என்றார்.

காருக்குள் ஏறியதும் வெடித்தேன். "வாழ்க்கையில ஒரு பஸ் பிந்தி எடுத்ததில்லை எண்டு சொல்லுறனீங்கள். உங்கட ஆக்களுக்கு மட்டும் எல்லா நேரமும் இளகிப் போகுது. நான் கேட்டது ஒரு நாள். ஒரேயொரு நாள்!"

"நீர் கோவிக்காதையும். அவையும் அன்பிலதானே கூப்பிடுகினம்."

"அன்பெண்டால் என்னைக் கேக்கவேணும், எனக்கு என்ன வேணும் எண்டு. ஆரும் கேட்டவையே?"

பின்னால் இருந்த மகள், "அம்மா, ஜஸ்ட் கோ. ஒருத்தருக்கும் சொல்லாமல் போங்கோ. மிஞ்சிப் போனால் என்ன நடந்திடும்?" என்றாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மனத்துணிவு என்று ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அதற்குப் பதிலாகச் சித்தப்பாமார் இருக்கிறார்கள்.

ஆனாலும் அவள் சொன்னது மனதில் கிடந்தது. ஒளித்துப் போவது எனக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டே போகலாம் என்று தீர்மானித்தேன். ஞாயிறை அசைக்க முடியாது, அது கணவரின் அக்கா. ஆடி வெள்ளியை அசைக்க முடியாது, அது அம்மன். வியாழன்தான் மெலிந்த இடம். அத்தானின் மனைவி ரோல்வேர்த் அக்காவிடம் நேராகப் பேசி, சாப்பாடு வேண்டாம், அன்று முழுநாளும் ஹம்ப்டன் கோர்ட் போகப்போகிறேன் என்று சொல்லிவிடுவது. அவர் கோபித்தால் கோபிக்கட்டும். நண்டுக் கறியால் ஊரையே கட்டிப்போட்டிருக்கும் மனிதி, ஒருநாள் தோற்றால் ஒன்றும் ஆகாது என்று என் கோபத்தில் நினைத்தேன்.

அவரோடு நான் அதுவரை தனியாகப் பேசியது மிகக் குறைவு. கலியாண வீடுகளில் கண்டால் சிரிப்பது, அவருடைய வீட்டில் சாப்பிட்டால் கறி நல்லாயிருக்கு என்பது. தொலைபேசியை எடுத்தார். பின்னால் குசினி விசிறி இரைந்தது, ஏதோ தாளிக்கும் சத்தம்.

"அக்கா, கோவிக்காதையுங்கோ. வியாழக்கிழமை எங்களுக்குச் சமைக்கவேண்டாம். நான் அண்டைக்கு விடியவே அரண்மனைக்குப் போகப்போறன். பின்னேரம் பூட்டுமட்டும் நிக்கப்போறன்."

விசிறியின் இரைச்சல் நின்றது. அவர் அதை நிறுத்திவிட்டார் என்று விளங்கியது. சண்டைக்குத் தயாராகிறார் என்று நினைத்து நானும் தயாரானேன்.

"அப்ப, அண்டைக்கு ஒண்டும் சமைக்கத் தேவையில்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா."

"ஒண்டுமே?"

"ஒண்டும் வேண்டாம்."

பிறகு, "பிள்ளை, நானும் வரட்டோ?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் ஒருக்காலும் உள்ளுக்குப் போகேல்லை. உதில, கிட்டத்தான் இருக்கு அரண்மனை. பிள்ளையளைப் பள்ளிக்கூடம் விட அதாலதான் போறனான். கனடாவால வாறவை, பிரான்ஸால வாறவை, எல்லாரும் அதைப் பாக்கத்தானே வருகினம். இஞ்ச சாப்பிடுவினம். சாப்பிட்டிட்டு இவர் காரில ஏத்திக்கொண்டு போய்க் காட்டுவார். நான் சட்டி கழுவி முடிக்க, ரீக்குத் திரும்பி வந்திடுவினம். நீயும் வாறியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டாலும் காரில இடமிராது."

எனக்குக் கோபம் வந்தது, எனக்கு எப்போதும் கோபம்தான் சுலபமாக வரும். எத்தனை கூட்டம் அந்த வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிப் படம் எடுத்திருக்கிறது! எல்லோருடைய வயிற்றிலும் அவருடைய நண்டு. ஒரு படத்திலும் அவர் இல்லை. நான் மட்டும்தான் ஒரு நாளுக்காகத் தவிக்கிறேன் என்று எண்ணியிருந்தேன்.

"நீங்கள் வாறியள். நான்தான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

"அத்தானுக்குச் சொல்லவேணும்."

"அதை நான் சொல்லுறன்."

குழுவில் நானே எழுதினேன். 'வியாழக்கிழமை ரோல்வேர்த் வீட்டில் சமையல் இல்லை. அக்காவும் நானும் முழுநாளும் அரண்மனைக்குப் போகிறோம். ஆண்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள்.' அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் வாசித்துவிட்டதற்கு அடையாளம் விழுந்துகொண்டே இருந்தது. ஒருவரும் எழுதவில்லை. பூப்படம்கூட வரவில்லை. அடுத்தநாள் விடிய ஹறோ மச்சாள் ஒரு கும்பிடும் கையைப் போட்டார். அது ஆசீர்வாதமா, கைகழுவலா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

தொலைபேசிகள் எல்லாம் கணவருக்குத்தான் வந்தன. குறொய்டன் சித்தப்பா குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு ஏதும் வருத்தமோ? டொக்ரர்மார் ஏதும் சொன்னவையே?" என்று கேட்டாராம். ஸ்ரௌவ்வில்லில் இருந்து, எங்களுக்குள் ஏதும் பிரச்சினையோ என்று விசாரித்தார்கள். கணவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, "இல்லை, அவைக்கு அரண்மனை பாக்க ஆசை" என்று சொன்னார். அதை ஒருவரும் நம்பவில்லை. ஆனால் அவர் அப்படியே சொன்னார், வேறு சாட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு மறுபடியும் கேட்காமல் ரீ கிடைத்தது. இரவு இரண்டு நுழைவுச்சீட்டைப் பதிவு செய்துவிட்டு, "வியாழன் திறந்திருக்கு. வடிவாப் பாத்திட்டன்" என்றார். கொஞ்சம் கழித்து, "நானும் வரட்டோ?" என்று கேட்டார். "நீங்கள் அத்தானுக்குச் சோறு வையுங்கோ" என்றேன்.

மற்ற நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாப்பிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் மாஸ்ரர் பெட்ரூம் பார்த்தோம். வெள்ளிக்கிழமை அம்மனையும் கும்பிட்டோம்.

வியாழன் காலை ரோல்வேர்த் அக்கா நேரத்தோடேயே வீட்டு வாசலில் நின்றார். நல்ல கைப்பை, கலியாண வீட்டுக்குப் போடுகிற தோடு, கால்களில் மகனின் பழைய ஓட்டச் சப்பாத்து. கையில் ஒரு பை. உள்ளே சம்பல் வைத்த பாண். "ஒண்டும் சமைக்க வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே?" என்றேன். "இது சமையல் இல்லைப் பிள்ளை" என்றார். பின்னால் அத்தானும் என் கணவரும், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடப்பட்டவர்கள்போல் நின்றார்கள்.

அரண்மனைக் கதவு திறந்தபோது நாங்கள்தான் முன்னால். மாபெரும் முற்றங்கள், சிவப்புச் செங்கல், விதவிதமான புகைபோக்கிகள். அக்கா நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தார். இராசா படுத்த அறைகளுக்குப் போகிற படிக்கட்டைக் காட்டினேன். அவர் மூக்கைத் தூக்கி, "எங்கயோ விறகு எரியுது" என்று மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். மணத்தைப் பிடித்துக்கொண்டு அவர் போக, நான் பின்னால் போனேன்.

அது அரண்மனையின் பழைய குசினி. ஒரு வீட்டை உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய அடுப்பு, நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய சட்டிகள், நீண்ட மேசைகள். பழைய காலத்து உடுப்புப் போட்ட ஒருவர் நெருப்படியில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இராசாவோடு இருந்த நூற்றுக்கணக்கான ஆட்களுக்கும் இங்கேதான் நாள்தோறும் சமையல் நடந்ததாம். அக்கா ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்தார். ஒன்றின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு பேருக்கும் ஆர் சமைச்சதாம்? கேள் பிள்ளை."

கேட்டேன். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். "எல்லாம் ஆம்பிளையளாம் அக்கா. பொம்பிளையளை இதுக்குள்ள விடுறது குறைவாம்."

"எல்லாம் ஆம்பிளையளோ?"

"ஓமாம்."

"சட்டி கழுவினது?"

அதையும் கேட்டேன். "அதுவும்தானாம்."

அக்கா நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப, ஆம்பிளையளாலயும் ஏலும்தானே" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அப்போதுதான் அவருடைய கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. அத்தான். பக்கத்தில் என் கணவர் ஏதோ சொல்வதும் கேட்டது. அடிப்பிடித்த மணம் தொலைபேசியில் வராது, ஆனால் குரலில் தெரிந்தது.

"இஞ்சாரும், உப்பை எங்க வைச்சனீர்?"

"தேடிப் பாருங்கோ" என்றார் அக்கா. "நான் அரண்மனையில நிக்கிறன்."

தொலைபேசியை நிறுத்திக் கைப்பைக்குள் போட்டு, கைப்பையின் வாயையும் இழுத்துப் பூட்டினார். பிறகு அந்த விளக்கம் சொல்கிற ஆளைக் காட்டி, பின்னேரம் பூட்டும்வரை நிற்க விடுவார்களோ என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.